வெள்ளம் வடிந்தபின் வந்த விழிநோய்

1993ஆம் ஆண்டின் இறுதித் திங்கள்களில் மதுரையையும் அதனை ஒட்டிய மாவட்டங்களையும் பெருவெள்ளம் சூழ்ந்தது. வயலும் வரப்பும், தொழுவமும் தெருவும் ஒரே நீர்ப்பரப்பாயின. வெள்ளம் வடிந்து மக்கள் மீண்டும் சேற்றில் இறங்கிய பின்னர், நகரின் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒருவகை நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக மிகுதியாக வரத் தொடங்கினர். கண் சிவந்திருந்தது, வெளிச்சம் பட்டால் கூசிற்று, பார்வை மங்கியிருந்தது. வந்தவருள் பலர் உழைக்கும் அகவையினரான சிற்றூர் ஆடவர். மண்ணிலும் நீரிலும் நின்று பணிசெய்வோர்.

விழிக்கோளத்தின் வெளிச்சுவருக்கும் உள்ளிருக்கும் விழித்திரைக்கும் இடையில் குருதிக் குழாய்கள் செறிந்த நடுப்படலம் ஒன்று உண்டு. அப்படலத்தில் எழும் அழற்சியே இந்நோய். பிளவு விளக்கின் ஒளிக்கீற்றை அத்தகைய கண்ணுள் செலுத்தி நோக்கினால், தெளிந்த நீராய் இருக்க வேண்டிய முன்னறையில் நுண்துகள்கள் மிதப்பதைக் காணலாம். அவை குருதியின் வெள்ளணுக்கள். சிலர் கண்ணில் அவ்வணுக்கள் கீழிறங்கிப் படிந்து, மட்டம் வைத்து வரைந்த வெண்கோடாக நிற்கும். நடுப்படல அழற்சிக்கு ஏதுக்கள் பல. தேடியும் ஏது புலப்படாத நோயாளிகள் எந்நாட்டுக் கண் மருத்துவமனையிலும் உண்டு. ஆனால் ஒரே வட்டாரத்தில், ஒரே பருவத்தில், ஒரு வெள்ளத்தின் பின்னே இத்தனை கண்கள் சிவந்ததைத் தற்செயல் என்று தள்ள இயலாது.

குருதிநீரை ஆய்ந்தபோது விடை கிடைத்தது: எலிக்காய்ச்சல். அரவிந்த் மருத்துவமனையின் மருத்துவர் இரத்தினம், மருத்துவர் நம்பெருமாள்சாமி முதலியோர் கொண்ட குழு, எலிக்காய்ச்சல் நுண்ணுயிரிக்கு எதிர்ப்பொருள் காட்டிய 73 நோயாளிகளின் கண்நிலையை விரித்துரைத்து 1997இல் அமெரிக்கக் கண்மருத்துவ இதழொன்றில் கட்டுரை வெளியிட்டது. மறு ஆண்டில் அந்நுண்ணுயிரியின் மரபுப்பொருளையே கண்ணின் முன்னறை நீரிலிருந்து பெருக்கிக் காட்டினர். வெள்ளநீர் கால்வழி நுழைந்து கண்வரை சென்றிருந்தது.

நோயாளிகளால் இதனை ஊகித்திருக்க முடியாது. காய்ச்சல் வந்து, உடல்வலி வந்து, கெண்டைக்கால் தசை தொட முடியாதபடி நொந்து, எல்லாம் அடங்கிச் சில கிழமைகளோ சில திங்கள்களோ சென்ற பின்னரே கண் சிவக்கும். மழைக்காலத்துக் காய்ச்சலையும் கோடையில் மங்கிய பார்வையையும் ஒருவர் முடிச்சிட்டுப் பார்ப்பது அரிது. காய்ச்சலுக்கு ஒரு மருத்துவர், கண்ணுக்கு வேறொரு மருத்துவர். இருவருள் ஒருவரேனும், “வீட்டில் மாடு கட்டியிருக்கிறீர்களா, அய்யா?” என்று வினவியிருப்பாரா என்பது ஐயமே.

அவ்வினா ஏன் வேண்டும்? எலிக்காய்ச்சலைத் தோற்றுவிப்பது இலெப்டோசுபைரா என்னும் மெல்லிய சுருளுயிரி. மதுரை வட்டாரத்துத் தொழுவம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வைக்கோற்படப்பில் எலி குடியிருக்கிறது. கட்டுத்தறியில் கறவை நிற்கிறது. திண்ணையோரம் நாய் சுருண்டு கிடக்கிறது. இம்மூன்றின் சிறுநீரகத்து நுண்குழல்களிலும் இச்சுருளுயிரி தங்கலாம். எலியை அது பெரும்பாலும் வருத்துவதே இல்லை. ஆயினும் நெடுநாள் சிறுநீரோடு வெளியேறிக்கொண்டிருக்கும். கறவைக்கு வந்தால் பால் திடீரெனக் குறையலாம். சினைமாடு கன்று வீசலாம். ஒன்றுமே வெளித்தெரியாமலும் போகலாம். தொழுவத்துக் கழிநீர் சிறு வாய்க்காலாகி வயலிலோ கண்மாயிலோ கலக்கிறது. ஈரமண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் இந்நுண்ணுயிரி கிழமைக்கணக்கில் உயிர்வாழும். நடவுக்கு இறங்கியவரின் பித்தவெடிப்போ சேற்றுப்புண்ணோ அதற்கு வாயில். வெள்ளம் செய்வதெல்லாம், தொழுவந்தோறும் சிறிதாகக் கிடந்த தீமையை ஊர் முழுமைக்கும் பரப்புவதுதான்.

எலியின் மேல் மட்டும் பழி சுமத்துவது எளிது. நோயின் தமிழ்ப்பெயரும் அதற்குத் துணைநிற்கிறது. ஆனால் எலிக்கு ஒருவகை, நாய்க்கு ஒருவகை, மாட்டுக்கு ஒருவகை எனத் தனக்குரிய விலங்கைத் தேர்ந்து தங்கும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உள்வகைகள் இந்நுண்ணுயிரியில் உண்டு. ஆகவே, ஊரில் எவ்வகை உலவுகிறது என்று அறிந்தால், எவ்விலங்கிலிருந்து நோய் வருகிறது என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கும்.

அதனை அறியும் முறை பொறுமையைக் கோருவது. ஆய்வகத்தில் உள்வகைகள் பலவற்றை உயிரோடு வளர்த்து, தவறாமல் புதிய ஊடகத்துக்கு மாற்றி மாற்றிக் காத்துவர வேண்டும். நோயாளியின் குருதிநீரைப் படிப்படியாக நீர்க்கச்செய்து, ஒவ்வொரு வகையோடும் ஒவ்வொரு குழியில் கலந்து, சிறிது நேரம் வைத்திருந்து, இருட்புல நுண்ணோக்கியின் கீழ் ஒரு துளியை இடுவர். கரிய பின்புலத்தில் வெள்ளி இழைகளாய்ச் சுருளுயிரிகள் நெளிந்தோடும். குருதிநீரில் அவ்வகைக்குரிய எதிர்ப்பொருள் இருந்தால் அவை ஓட்டம் ஒடுங்கித் திரள்திரளாய் ஒட்டிக்கொள்ளும். பாதிக்குமேல் ஒட்டிய கடைசி நீர்ப்பு எது என்று குறித்துக்கொள்வர். எந்திரம் செய்துதரும் வேலையன்று இது; கண்ணும் கையும் பழகியவரே செய்ய வல்லது. தமிழ்நாட்டில் இக்கலையைப் பேணி வளர்த்தவர்களுள் கால்நடை மருத்துவ அறிஞர்கள் முன்வரிசையினர். சென்னை நகரத் துப்புரவுப் பணியாளரின் குருதியில் எலிக்காய்ச்சல் எதிர்ப்பொருள் எவ்வளவு பரவியுள்ளது என்று சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்திய ஆய்வு, மதுரையில் வெள்ளம் வந்த அதே 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாட்டு மருத்துவர் மாந்தர் குருதியை ஏன் ஆய்கிறார் என்று வியப்போர் இன்றும் உண்டு.

அவ்வியப்பைப் போக்கக் குதிரையின் கதை போதும். குதிரைகளுக்கு விட்டுவிட்டு வந்து, வரும்போதெல்லாம் கண்ணைச் சிதைத்து, இறுதியில் பார்வையைப் பறிக்கும் நடுப்படல அழற்சி ஒன்று உண்டு. அது பன்னூற்றாண்டுகளாக அறியப்பட்ட நோய். அதற்கும் எலிக்காய்ச்சல் நுண்ணுயிரிக்கும் உள்ள தொடர்பை ஐரோப்பியக் கால்நடை மருத்துவர் 1940களின் இறுதியிலேயே எடுத்துக்காட்டினர். மாந்தரிடத்தும் கண் தாக்கப்படுவதை, நோயை முதலில் விரித்துரைத்த செருமானிய மருத்துவர் அடால்பு வைல் 1886இலேயே குறித்திருந்தார். சப்பானியரான இனாடாவும் இடோவும் நுண்ணுயிரியை 1915இல் இனங்கண்டனர். இத்தனை இருந்தும் கண் மருத்துவரின் நினைவில் இந்நோய் ஓரத்திலேயே கிடந்தது. 2008இல் ஓர் அழகிய திருப்பம் நேர்ந்தது. குதிரையின் கண்நோயில் பங்குடையவை என அமெரிக்காவின் கெண்டக்கிப் பல்கலைக்கழகத்துக் குதிரைநோய் ஆய்வர் கண்டிருந்த இரண்டு நுண்ணுயிரிப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள், மதுரை நோயாளிகளின் குருதிநீரிலும் மிகுந்திருப்பதை இருதரப்பாரும் சேர்ந்து வெளியிட்டனர். குதிரை இலாயத்தில் கிடைத்த அறிவு வைகைக்கரை உழவரின் கண்ணுக்கு விளக்கம் தந்தது.

இனி மதுரையின் தல்லாகுளத்துக்கு வருவோம். வைகையின் வடகரையில், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்திய இரவு வந்து தங்கும் அப்பகுதியில், மாநகராட்சி மாளிகைக்கும் தமுக்கம் திடலுக்கும் அண்மையில், அரசின் கால்நடைப் பன்முக மருத்துவமனை இருக்கிறது. கழிச்சல் கண்ட வெள்ளாடு, தீவனம் தின்னாத கறவை, இருமும் நாய்க்குட்டி என அத்தகைய மருத்துவமனைக்கு வருவன பல. ஓட்டி வந்தவர் கேட்பது விலங்கின் உயிரை. மருத்துவரோ அதனோடு இன்னொன்றையும் உடன் எண்ண வேண்டியவர்: இந்நோய் இவர் வீட்டுக் குழந்தைக்கும் தாவுமா? கால்நடை மருத்துவத்தின் பொதுநலக் கடன் இவ்வினாவில்தான் உறைகிறது. மாந்தரைப் பற்றும் தொற்றுநோய்களில் பாதிக்குமேல் விலங்கோடு தொடர்புடையவை என்பதை அறிவியலுலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. அவ்வொப்புதல் நம் அரசு அலுவலகங்களின் ஏடுகளில் இன்னும் முழுதாக ஏறவில்லை என்பதே என் குறை.

விலங்கிடத்து நோயை அடக்குவதில் நாம் திறனற்றவர் அல்லர். வெக்கை நோயே சான்று. மாட்டைக் கொன்று, உழவை நிறுத்தி, அவ்வழியே பஞ்சத்தைக் கொணர்ந்த நச்சுயிரி அது. சென்னை மாகாணம் 1866இலேயே கால்நடை நோய்ச் சட்டம் இயற்றியது. 1889இல் பூனாவில் நிறுவப்பட்டு 1893இல் இமயமலைச் சாரலின் முக்தேசுவருக்கு மாற்றப்பட்ட ஆய்வகம் இந்நோயை முதற்பொருளாகக் கொண்டது. செருமானிய நுண்ணுயிரியல் அறிஞர் இராபர்ட்டு காக்கு 1897இல் அங்கு வந்துசென்றார். ஆட்டின் உடலில் வளர்த்து வலுக்குறைத்த தடுப்பூசி 1920களில் அங்கே உருவானது. விடுதலைக்குப் பின் 1954இல் நாட்டளாவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. நாற்பதாண்டுக்கு மேல் ஊர் ஊராகச் சென்று ஊசியிட்ட பின்னர், நாட்டின் இறுதி நோயெழுச்சி 1995இல் தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டுப் பகுதியில் பதிவாயிற்று. கால்நடைத் தடுப்பு மருந்துகளுக்கென 1932இல் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டை நிறுவனம் அதே வட ஆர்க்காட்டு மண்ணில் அமைந்தது. பகைவன் கோட்டை வாயிலிலேயே வீழ்ந்தான் எனலாம். 2006இல் இந்தியாவும் 2011இல் உலகும் அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. பெரியம்மைக்குப் பின் மாந்தர் முற்றாக ஒழித்த நோய் இதுவொன்றே.

அவ்வெற்றியை அப்படியே எலிக்காய்ச்சலுக்குப் பெயர்த்துவிடலாம் என்று எண்ணுவது பிழை. வெக்கை நச்சுயிரி ஒரே எதிர்ப்புவகை உடையது; ஒருமுறை ஊசியிட்டால் நெடுங்காலக் காப்பு; பிழைத்த மாடு நோயைச் சுமந்து திரிவதில்லை. இலெப்டோசுபைரா இம்மூன்றிலும் நேர்மாறு. வகைகள் நூற்றுக்கணக்கு, ஒரு வகைக்கு எதிரான காப்பு வேறு வகையைத் தடுக்கும் உறுதியில்லை, நலமாய்த் தோன்றும் விலங்கே நோயைப் பரப்புகிறது. இதனை ஒழிக்க முடியாது, அடக்கத்தான் முடியும். ஒழிப்பு முழக்கங்களில் மகிழும் ஆட்சியாளர்க்கு இந்நோய்மேல் ஆர்வம் குறைவதற்கு இதுவும் ஓர் ஏதுவாகலாம்.

இரண்டுக்கும் இடைப்பட்டது வெறிநோய். நாய்க்கடியால் வரும் வெறிநோய்க்கு உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக 2015இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. அதே ஆண்டில் அதே இதழில் எலிக்காய்ச்சலுக்கு வெளிவந்த மதிப்பீடும் 58,900 இறப்புகள் என்றது. ஒன்றுக்கு ஊரே நடுங்குகிறது; மற்றொன்றின் பெயரே பலர்க்குத் தெரியாது. வெறிநாய் கண்ணுக்குத் தெரிகிறது. கழிநீரில் நெளியும் உயிரி தெரிவதில்லை.

வெறிநோய்க்கு எதிரான படையில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. குன்னூர்ப் பாசுச்சர் நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டது. ஆட்டு மூளையில் நச்சுயிரியை வளர்த்து ஆக்கிய பழைய ஊசியைத் தொப்புளைச் சுற்றி நாள்தோறும் போட்டுக்கொண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதைக் கைவிட்டு, உயிரணு வளர்ப்பில் ஆக்கிய ஊசிக்கு நாடு முழுதும் மாறினோம். கடிபட்டவுடன் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவுதல், தாமதமின்றி ஊசி, ஆழ்ந்த கடிக்குப் புண்ணைச் சுற்றிலும் எதிர்ப்புரத மருந்து: இவற்றால் உயிர் காக்கப்படும். நோய்க்குறி தோன்றியபின் மருத்துவம் பயன் தருவதில்லை என்றே கொள்ளலாம். ஆயினும் கடிபட்ட மாந்தர்க்கு ஆயிரமாயிரம் ஊசி போட்டாலும் நாயிடத்துள்ள நோய் ஒரு துளியும் குறையாது. ஊரிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு ஆண்டுதோறும் ஊசியிட்டால் நச்சுயிரியின் சங்கிலி அறும். கோவா அதைச் செய்துகாட்டியது. மூன்றாண்டுகள் மனித இறப்பு ஏதும் பதிவாகாத நிலையில் 2021இல் வெறிநோய் கட்டுக்குள் வந்த மாநிலமாக அறிவித்துக்கொண்டது. தெருநாயைக் கொல்லலாமா காக்கலாமா என்னும் வழக்கில் நாம் செலவிடும் மூச்சில் ஒரு பங்கை நாயின் தோளில் ஏறும் ஊசிக்குச் செலவிட்டிருந்தால், இந்நேரம் மதுரைத் தெருக்களில் அச்சம் பாதியாகியிருக்கும்.

மற்ற நோய்களைச் சுருங்கச் சொல்லலாம். அடைப்பானால் இறந்த மாட்டின் மூக்கிலும் எருவாயிலும் உறையாக் குருதி வடியும். அவ்வுடலை அறுக்கவே கூடாது. அறுத்தால் காற்றுப்பட்டு வித்துகளாக மாறும் நுண்ணுயிரி அம்மண்ணில் பல பத்தாண்டுகள் காத்துக் கிடக்கும். ஆழக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதே வழி. கன்று வீச்சு நோய்க்கு நாலு முதல் எட்டுத் திங்கள் அகவையுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே ஒருமுறை ஊசி போடப்படுகிறது. அது உயிருள்ள நுண்ணுயிரியால் ஆனது. முரண்டும் கன்றின் திமிறலில் ஊசி நழுவி மருந்து கண்ணில் தெறித்தால், போடுபவரே நோயாளி ஆவார். கண்ணாடியும் கையுறையும் இன்றித் தொழுவம் தொழுவமாக ஏறியிறங்கும் கால்நடைப் பணியாளரைப் பார்த்தவர்கள், பொதுநலத்துக்கு யார் விலை கொடுக்கிறார் என்பதை உணர்வார்கள். காணை நோய் மாந்தரை வருத்துவதில்லை. எனினும் கறவையை நம்பிய வீட்டின் அடுப்பை அணைக்கிறது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் பல ஊர்க் காளைகள் மூச்சோடு மூச்சு உரச நிற்கும் தைத்திங்களில், களத்தில் இறங்குமுன் கால்நடை மருத்துவர் செய்யும் உடற்சோதனை வெறும் சடங்கன்று.

2019இல் நடுவணரசு பெரும்பொருள் ஒதுக்கித் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டம் காணையையும் கன்று வீச்சையும் இலக்காகக் கொண்டது. செம்மையான தொடக்கம். எலிக்காய்ச்சலுக்கு அதில் இடமில்லை. அதற்கான மாட்டு ஊசி கிடைத்தாலும், வட்டாரத்தில் உலவும் உள்வகை அறியாமல் போடுவது குருட்டடி. ஆகவே முதல் தேவை கண்காணிப்பு. இங்கேதான் நம் ஏற்பாட்டின் ஓட்டை தெரிகிறது. கன்று வீசிய கறவை கால்நடைத் துறையின் ஏட்டில் இருக்கிறது. மழைக்காலத்துக் காய்ச்சல் பொதுநலத் துறையின் ஏட்டில் இருக்கிறது. சிவந்த கண் கண் மருத்துவமனையின் ஏட்டில் இருக்கிறது. மூன்றும் ஒரே ஊர், சிலவேளை ஒரே வீடு. 1994இல் மதுரையில் இம்முடிச்சு அவிழ்ந்ததற்குக் கண் மருத்துவமனை ஒன்றின் கூர்த்த நோக்கே முதற்காரணி. அத்தகைய நற்பேற்றை அடுத்த வெள்ளத்துக்கும் நம்பியிருத்தல் ஆட்சிமுறை ஆகாது. ஐப்பசி முதல் தை வரை, மதுரைச் சமவெளியின் கால்நடை மருத்துவரும் ஆரம்ப நலவாழ்வு நிலைய மருத்துவரும் கண் மருத்துவரும் திங்களுக்கு ஒருமுறையேனும் ஒரே மேசையில் தம் ஏடுகளை விரித்து ஒப்புநோக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டா. புதுச் சட்டமும் வேண்டா.

வீடுகளில் செய்யக்கூடியவை எளியவை. தீவனத்தை எலி ஏறாத மூடிய கலத்தில் வையுங்கள். தொழுவத்துக் கழிநீரைக் கண்மாய்க்கோ கிணற்றடிக்கோ விடாமல் உறிஞ்சுகுழிக்குத் திருப்புங்கள். நாய்க்கு ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கான காப்பும் உண்டா என்று கேட்டுப் போடுங்கள். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள். மருத்துவரை அழைத்துக் குருதியைச் சோதிக்கச் சொல்லுங்கள். காலில் புண்ணோடு வெள்ளநீரில் இறங்க நேர்ந்தால், முன்காப்பாக டாக்சிசைக்கிளின் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல் கண்டு தேறிய ஓரிரு திங்களில் கண் சிவந்து பார்வை மங்கினால் கடைச் சொட்டுமருந்தோடு நின்றுவிடாதீர்கள். காலத்தே மருத்துவம் பார்த்தால் இந்நோயில் பார்வை பெரும்பாலும் மீளும். காய்ச்சலுக்கோ கண்ணுக்கோ எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேளாவிடினும், வீட்டில் எத்தனை மாடு, எத்தனை நாய், எந்த நீரில் இறங்கினீர்கள் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.